அரசுத் துறை நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கிறது, எப்படித் தயாராவது?

கேள்வி: அக்கா, வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 27. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அக்கவுன்டிங் டிப்ளோமா முடித்துவிட்டு, மாமாவின் ஹார்டுவேர் கடையில் மூன்று வருடம் கணக்கு பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஒன்றரை வருடமாக வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது மாகாண அரசுத் துறை ஒன்றில் அக்கவுன்டிங் கிளார்க், லெவல் 5 வேலைக்கு ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கிறேன். நேர்காணல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், இன்னும் பத்து நாளில். பேனலில் மூன்று நான்கு பேர் இருப்பார்களாம், கம்ப்யூட்டர் டெஸ்டும் உண்டாம். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பெருமை பேசுவது போல இருக்கிறது. வீட்டில் இருந்த காலத்தைக் கேட்டால் என்ன சொல்வது? கடை மாமாவுடையது என்று சொல்லலாமா? மூக்குத்தியைக் கழற்றிவிட்டுப் போ என்கிறார் அம்மா. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் பயத்தில் பாதி அது தெரியாததால் வருவது.

அரசுத் துறையில் தேர்வுக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் குறிப்பெடுக்க உட்கார்ந்திருப்பார். தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் பார்வையாளராக வந்திருக்கலாம். அன்று வருகிற எல்லோருக்கும் ஒரே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்த விஷயங்கள் பதிலில் வர வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். உறுப்பினர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு கூட்டுவார்கள். அதனால் நீங்கள் பேசும்போது அவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். சிரிக்க மாட்டார்கள், நன்றாகச் சொன்னீர்கள் என்று தலையாட்டவும் மாட்டார்கள். அதைப் பார்த்துக் கலங்கிப் பதிலைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருந்தும் வாயால் சொல்லாத எதற்கும் அந்தத் தாளில் மதிப்பெண் போட இடமில்லை. உங்கள் விண்ணப்பத்தில் இருக்கிறதே என்று அவர்களாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். "பெருமை பேசுவது போல இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் பேனல் கேட்பது பாராட்டுரையை அல்ல, நீங்கள் செய்த வேலையின் கணக்கை. கணக்கு ஒப்பிப்பதில் பெருமையும் இல்லை, கூச்சமும் வேண்டியதில்லை.

"கடையில் கணக்கெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டோம்" என்று சொன்னால் பேனலால் எழுத ஒன்றுமே இல்லை. 'நாங்கள்' யார், 'எல்லாம்' எது? அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சப்ளையர் இன்வாய்ஸ்கள் மாதம் சுமார் 120 வரும். ஒவ்வொன்றையும் ஆர்டரோடும் டெலிவரி நோட்டோடும் ஒப்பிட்டு நான்தான் பேஸ்டல் கணக்கு மென்பொருளில் ஏற்றுவேன். மாதக் கடைசியில் சப்ளையர் ஸ்டேட்மென்டோடு சரிபார்ப்பேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாட் ரிட்டர்னுக்கான கணக்கைத் தயாரித்து, கடையின் அக்கவுன்டன்டிடம் கொடுப்பேன்." இதில் ஒரு பெருமை வார்த்தை உண்டா? 120 என்பது நான் போட்ட எண். உங்கள் உண்மையான எண்ணைக் கடையின் பழைய ஃபைல்களைப் புரட்டி எடுங்கள். உத்தேசமாகப் பெரிதாக்கிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவீர்கள்.

முதல் நாள் வேலை இதுதான். விளம்பரத்தை அச்செடுத்து, அதில் தேவைகள், கடமைகள் என்று இருக்கும் ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடுங்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் அந்த வரி, வலப்பக்கம் நீங்கள் செய்த ஒரு காரியம்: எப்போது, எத்தனை, என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்ந்தது. வலப்பக்கம் காலியாக இருக்கிற வரிகள்தான் நீங்கள் படிக்க வேண்டியவை. பேனல் கேள்விகளை இந்த விளம்பரத்திலிருந்துதான் எடுக்கிறது. இணையத்தில் கிடைக்கிற 'நூறு இன்டர்வியூ கேள்விகள்' பட்டியலை மனப்பாடம் செய்வதில் நேரத்தை விடாதீர்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" பெரும்பாலும் முதல் கேள்வியாக வரும். பிறந்த ஊர், பள்ளி, கூடப் பிறந்தவர்கள் என்று ஆரம்பித்து இரண்டு நிமிடத்தையும் அதிலேயே கரைத்துவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. படிப்பு ஒரு வாக்கியம். கடையில் செய்த வேலை நான்கைந்து வாக்கியம். விளம்பரத்தில் உள்ள கடமைகளில் எவற்றை ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள் என்பது மூன்று வாக்கியம். இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள் என்பது ஒன்று. ஆங்கிலத்தில் எழுதினால் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நிதானமாகப் பேசினால் அது இரண்டு நிமிடம். எழுதியதைப் படிக்காமல், வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். 'நாங்கள்' எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

இனி படிக்க வேண்டியது. அரசுக் கணக்குப் பிரிவு நேர்காணலில் தனியார் அனுபவம் உள்ளவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். வேலை தெரியும், ஆனால் அரசின் சொற்கள் தெரியாது. மாகாணத் துறைகளுக்கு 1999-ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டம், பி.எஃப்.எம்.ஏ. என்றுதான் அங்கே சொல்வார்கள். நகராட்சிகளுக்கு வேறு சட்டம், 2003-இல் வந்த எம்.எஃப்.எம்.ஏ. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, நகராட்சியினுடையது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. டர்பனின் ஈ-தெக்வினி நகராட்சியில் வேலை பார்க்கிற உறவினர் சொல்லிக்கொடுத்ததை இங்கே அப்படியே ஒப்பித்துவிடக் கூடாது.

பி.எஃப்.எம்.ஏ.வில் மூன்று வகைச் செலவுகளைப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அநேகமாகக் கேட்பார்கள். அன்ஆதரைஸ்டு என்பது ஒதுக்கிய தொகைக்கு மேல் போனது, அல்லது ஒதுக்கிய நோக்கத்துக்கு மாறாகச் செலவானது. இர்ரெகுலர் என்பது அந்த வகையில் சேராமல், சட்டமோ விதியோ சொன்ன முறையை மீறிச் செய்தது: மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வாங்கிப் பொருளை எடுத்தால், பொருள் நன்றாக இருந்தாலும் விலை நியாயமாக இருந்தாலும் அது இர்ரெகுலர்தான். ஃப்ரூட்லெஸ் அண்ட் வேஸ்ட்ஃபுல் என்பது, கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வீண் செலவு. தாமதமாகக் கட்டியதால் ஏறிய வட்டி இதற்குச் சரியான உதாரணம். விளக்கத்தோடு ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணமும் சொல்லுங்கள். உதாரணத்துக்குத்தான் பேனல் நிமிர்ந்து பார்க்கும்.

அடுத்தது 30 நாள் விதி. இன்வாய்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போக வேண்டும் என்பது கருவூல ஒழுங்குவிதி. இதைச் சூழ்நிலைக் கேள்வியாக மாற்றிக் கேட்பார்கள்: "ஒரு சப்ளையர் 45 நாளாகப் பணம் வரவில்லை என்று போனில் கத்துகிறார். என்ன செய்வீர்கள்?" பலரும் "பொறுமையாகப் பேசுவேன், மேலதிகாரியிடம் சொல்வேன்" என்று முடித்துவிடுகிறார்கள். அது ஒரு மதிப்பெண் பதில். முழுப் பதிலில் படிகள் இருக்கும். இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையும் வாங்கிக் குறித்துக்கொள்வேன். இன்வாய்ஸ் ரெஜிஸ்டரில் அது நமக்கு எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பேன். 30 நாள் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆர்டர், பொருள் பெற்றதற்கான சான்று, இன்வாய்ஸ் மூன்றும் பொருந்துகிறதா, ஏற்கெனவே கட்டியதா, சென்ட்ரல் சப்ளையர் டேட்டாபேஸில் அவர் விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த நபரிடம் எழுத்தில் கேட்பேன். சப்ளையருக்கு அன்றைக்கே காரணத்தைச் சொல்லி, மறுபடி எப்போது பேசுவேன் என்றும் சொல்வேன். 30 நாள் கடந்ததை மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பேன். வட்டி கட்ட நேர்ந்தால் அது வீண் செலவுக் கணக்கில் போகும். கடையிலும் இதையே, சப்ளையர்களின் போனை எடுத்துப் பதில் சொன்னவராக நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அனுபவத்தை இங்கே ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு சூழ்நிலை: "மேலாளர் அவசரம் என்று சொல்லி, ஆவணம் இல்லாத பில்லைப் பாஸ் செய்யச் சொல்கிறார்." இதற்கு பி.எஃப்.எம்.ஏ.வின் 45-ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். மேலதிகாரிகளுக்கு மட்டுமல்லாமல் ஒவ்வோர் அலுவலருக்கும், தன் பொறுப்புக்கு உட்பட்ட இடத்தில் இந்த மூன்று வகைச் செலவும் நடக்காமல் தடுக்கும் கடமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. மரியாதையாக மறுத்து, எந்த ஆவணம் குறைகிறது என்று எழுத்தில் கேட்பேன், அது வந்ததும் முதல் வேலையாக இதை முடிப்பேன் என்று சொல்லுங்கள். எண்ணோடு சட்டப் பிரிவைச் சொல்கிற கிளார்க் விண்ணப்பதாரர்கள் குறைவு.

பாத்தோ பெலே, அதாவது 'மக்களுக்கே முதலிடம்' என்கிற அரசுச் சேவைக் கொள்கைகள் எட்டும் வர வேண்டும்: கலந்தாலோசனை, சேவைத் தரம், அணுகல் வசதி, மரியாதை, தகவல், வெளிப்படைத்தன்மை, குறைதீர்ப்பு, பணத்துக்கேற்ற பயன். 1997-இன் வெள்ளை அறிக்கையில் வந்தவை. ஆங்கிலப் பெயர்களோடு அரசு அலுவலகச் சுவர்களிலேயே ஒட்டியிருக்கும். எட்டையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் பாதி மதிப்பெண்தான். இரண்டை எடுத்து, கணக்குப் பிரிவில் அவை எப்படி நடக்கும் என்று காட்டுங்கள். உள்ளே வேலை செய்கிற சக அலுவலரும், பணத்துக்குக் காத்திருக்கிற சப்ளையரும் உங்கள் சேவையைப் பெறுகிறவர்கள்தான்.

மாகாணத் துறைகளில் பேஸ்டல் கிடையாது. பேசிக் அக்கவுன்டிங் சிஸ்டம் என்கிற பாஸ் மென்பொருள்தான். தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "பயன்படுத்தியதில்லை. பேஸ்டலில் மூன்று வருடம் வேலை செய்திருக்கிறேன். பாஸில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் அங்கீகரிப்பார் என்றும், ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது என்றும் தெரியும்." காரணத்தையும் சேருங்கள்: தவறும் திருட்டும் ஒரே கையில் மறைந்துவிடக் கூடாது என்பதற்காக.

கம்ப்யூட்டர் டெஸ்டில் அநேகமாக எக்செலும், ஒரு சின்ன வங்கிச் சரிபார்ப்பும், வாட் கணக்கும் வரும். வாட் 15 சதவீதம். வாட் சேர்ந்த தொகை 2,300 ராண்ட் என்று கொடுத்து வாட் எவ்வளவு என்று கேட்டால், 2,300-ஐ 15-ஆல் பெருக்கி 115-ஆல் வகுக்க வேண்டும்: விடை 300. பதற்றத்தில் 2,300-க்கு நேரே 15 சதவீதம் போட்டு 345 என்று எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். 5,000 ராண்டுக்கு மேற்பட்ட டாக்ஸ் இன்வாய்ஸில் வாங்குபவரின் பெயர், முகவரி, வாட் எண்ணும் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். குறையுள்ள இன்வாய்ஸைக் கொடுத்து என்ன தவறு என்று கேட்பார்கள்.

வங்கிச் சரிபார்ப்பில் முதலில் இரண்டு பக்கமும் உள்ளதை டிக் செய்யுங்கள். பிறகு வங்கிக் கட்டணம், டெபிட் ஆர்டர் மாதிரி கேஷ் புக்கில் விடுபட்டவற்றை ஏற்றுங்கள். அதன் பிறகே வங்கிக்கு இன்னும் வராதவற்றைப் பட்டியலிடுங்கள். கடைசியில் ஒரு வித்தியாசம் நின்று, அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,480-ஐ 4,580 என்று ஏற்றியிருந்தால் வித்தியாசம் 900 வரும்.

எக்செலில் ஒரு பொறி உண்டு, இதை அவசியம் பயிற்சி செய்யுங்கள். தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினிகளில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. நீங்கள் 150.50 என்று புள்ளி வைத்து அடித்தால் அது எண்ணாகாமல் எழுத்தாக உட்கார்ந்துவிடும், கூட்டலில் சேராது. ஃபார்முலாவின் பகுதிகளுக்கு இடையிலும் அரைப்புள்ளி போட வேண்டிவரும். உட்கார்ந்ததும் ஒரு காலிக் கட்டத்தில் அடித்துப் பாருங்கள்: எண்ணாக இருந்தால் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக இருந்தால் இடப்பக்கம். சம்இஃப் (SUMIF), விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாக்கள் இரண்டும் கைக்கு வர வேண்டும். விலுக்கப்பின் கடைசியில் ஃபால்ஸ் போட மறந்தால் தவறான வரியிலிருந்து விலையை எடுத்து வரும், பிழைச் செய்தியும் காட்டாமல் போகலாம்.

வீட்டில் இருந்த ஒன்றரை வருடம் பற்றி: கேட்டால் இரண்டு வாக்கியம் போதும். "தந்தையின் உடல்நிலை காரணமாக அவரைக் கவனித்துக்கொண்டேன். இப்போது அந்த ஏற்பாடு வேறு விதமாக ஆகிவிட்டது, முழுநேரம் வேலை செய்ய முடியும்." நோயின் விவரம் வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற குரலும் வேண்டாம். பெற்றவரைப் பார்த்துக்கொண்டது குறை இல்லை. அந்தக் காலத்தில் ஏதாவது குறுகிய கோர்ஸ் படித்திருந்தாலோ, கோவிலுக்கோ சங்கத்துக்கோ கணக்கு எழுதிக்கொடுத்திருந்தாலோ மூன்றாவது வாக்கியமாகச் சேருங்கள். ஆனால் இந்த ஏற்பாடு உண்மையிலேயே ஆகியிருக்க வேண்டும். பகலில் அப்பாவோடு யார் இருப்பார்கள் என்பதை வீட்டில் இப்போதே பேசி முடியுங்கள்.

கடை மாமாவுடையது என்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால்தான் கெடுதல். வேலை கொடுப்பதற்கு முன் முந்தைய வேலை, படிப்பு, குற்றப் பதிவு எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். ஆனால் உங்களைப் பற்றி விசாரிப்பதற்கான ரெஃபரன்ஸாக மாமாவை மட்டும் கொடுக்காதீர்கள். கடையின் வருடாந்தரக் கணக்கை முடிக்கிற வெளி அக்கவுன்டன்ட் உங்கள் வேலையைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவர். அவரையும், பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரையும் கேளுங்கள். போன் வரலாம் என்று சொல்லி, விளம்பரத்தின் நகலையும் அனுப்பி வையுங்கள்.

இதை ஒட்டி நீங்கள் கேட்காத ஒன்று. குடும்பக் கடைகளில் மருமக்கள் பெயரையும் டைரக்டராகச் சேர்த்து வைப்பது வழக்கம். உங்கள் பெயர் அப்படி இருந்து, கடை பள்ளிகளுக்கோ அரசு அலுவலகங்களுக்கோ சரக்குப் போடுகிறது என்றால் உடனே கவனியுங்கள். அரசு வேலைக்கான இசட்83 விண்ணப்பப் படிவத்திலேயே அரசோடு வியாபாரம் செய்கிறீர்களா, அப்படிச் செய்கிற கம்பெனியில் டைரக்டரா என்ற கேள்வி இருக்கிறது. அரசு ஊழியர் அரசோடு வியாபாரம் செய்யக் கூடாது. படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள், மாமாவிடம் இன்றைக்கே கேளுங்கள். பெயர் இருந்தால், வேலை கிடைத்தால் விலகிவிடுவேன் என்று பேனலிடம் நீங்களே சொல்வதுதான் சரி.

மூக்குத்தியைக் கழற்ற வேண்டாம். டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தி வழக்கில், நம் மரபின் அந்த அடையாளத்துக்கு விலக்கு அளிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது பள்ளி வழக்கு. வேலைக்கு 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இருக்கிறது: மதம், பண்பாடு, திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது; விண்ணப்பதாரர்களுக்கும் இது பொருந்தும். பொட்டும் அப்படியே இருக்கட்டும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், நிம்மதியடைவார். கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டுவிட்டால் சண்டைக்குப் போகாமல், "இந்த வேலையின் நேரத்துக்கும் பயணத்துக்கும் எனக்குத் தடை இல்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சம்பளப் பேரம் இங்கே இல்லை. லெவல் 5-க்கான தொகை விளம்பரத்திலேயே இருக்கும். பிடித்தம் போகக் கையில் வருவது குறையும், ஓய்வூதிய நிதிக்கு மட்டும் 7.5 சதவீதம் போகும். முதல் 12 மாதம் புரொபேஷன். கடைசியில் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார்கள். லீவு பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றி ஒன்று கேளுங்கள்: இன்வாய்ஸ்கள் முதலில் எந்த இடத்தில் பதிவாகின்றன, முதல் மூன்று மாதத்தில் புதியவரிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள்.

அடையாள அட்டை, மெட்ரிக் எனும் பள்ளி இறுதிச் சான்றிதழ், டிப்ளோமா, மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம் இருந்தால் அது: எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல் வேண்டும். ஷார்ட்லிஸ்ட் ஆனவர்களிடம்தான் இதைக் கேட்கிறார்கள் என்பதால் உங்களிடம் இன்னும் இல்லாமல் இருக்கலாம். காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை வைத்துத் தருவார்கள்; மூலத்தையும் கொண்டு போக வேண்டும். பழைய முத்திரையை ஏற்க மாட்டார்கள், புதிதாக வாங்குங்கள். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நேர்காணலுக்கோ வேலைக்கோ பணம் கட்டச் சொல்லி யாராவது போன் செய்தால் அது மோசடி. வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தூரம் பெரிதில்லை. ஆனால் என்3 நெடுஞ்சாலையில் துறைமுகத்து லாரிகள் நிறைந்திருக்கும். ஒரு லாரி கவிழ்ந்தால் காலை முழுக்கப் போய்விடும். ஒன்பது மணி நேர்காணலுக்கு ஆறு மணிக்கே கிளம்புங்கள். மரியன்ஹில் டோலுக்குச் சில்லறை, உங்களை அழைத்த மனிதவள அலுவலரின் எண் இரண்டும் கையில் இருக்கட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் நேரம் தாண்டுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லுங்கள். கட்டட வாசலில் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போடவும் கால் மணி நேரம் ஆகலாம்.

அறைக்குள் நுழைந்ததும் "சனிபோனானி" என்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு வரலாம். ஐசிசுலு (ஜூலு மொழி) அவ்வளவுதான் தெரியும் என்றால் அதற்கு மேல் முயல வேண்டாம். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. ஒரு கேள்விக்குப் பதில் நினைவுக்கு வராவிட்டால், கடைசியில் இதற்குத் திரும்பலாமா என்று தலைவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள். திரும்புவதற்கு மறக்காமல் இருக்க, ஒரு தாளில் அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.